பதினைந்து தௌ

என்.சி.சி. சார் தவறிவிட்டார் என்று நம் பழைய கேடட் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்த அன்று மெல்பர்னில் மழை. பெயர் எழுதத் தேவையில்லை. பரேடு முடிந்து பூரிக்கிழங்கு என்றாலே யாரென்று தெரியும் உங்களுக்கு.

வேதியியலில் அவரிடம் எனக்கு ஒன்றும் ஒட்டவில்லை. ஒட்டியது ஒரு வகுத்தல் கணக்கு மட்டும்.

பழைய லீ-என்ஃபீல்டு ரைஃபிள் உடம்பில் பாயின்ட் டூ டூ குழல், 25 கஜம், மணல்மூட்டை, ஐந்து குண்டு. முதல் குண்டு மேலே போனதும் பின் குறிகாட்டியான பேக்சைட்டைத் திருகினேன். அடுத்தது கீழே. மறுபடி திருகினேன். "ஏல, ஒத்தக் குண்டு என்னத்தல சொல்லும்? அஞ்சும் சேந்து சொன்னாத்தான் கேக்கணும்" என்றவர், நான் சுட்ட குறி அட்டையை என் முதுகில் குத்தி கேம்ப் முழுக்க நடக்கவிட்டார். அன்று மூன்றாம் நாள். மிச்ச ஏழு நாளும் என் பெயர் 'சல்லடை'. சிலர் இன்னமும் அப்படித்தான் கூப்பிடுகிறீர்கள்.

ஐந்தும் ஓரிடத்தில் கூடாமல் சைட்டில் கை வைக்கக் கூடாது. மேலும் கீழுமாய்க் கோடு விழுந்தால் கோளாறு மூச்சில். குரூப், அதாவது ஐந்தும் விழுந்த கூட்டம், சிறிதாக இருந்தும் ஒவ்வொரு தடவையும் வேறிடத்தில் விழுந்தால், ட்ரிகரைச் சுற்றியுள்ள காப்பு வளையமான ட்ரிகர் கார்டின் முன் திருகு தளர்ந்திருக்கும். இவை இல்லையென்று தெரிந்த பிறகுதான் கணக்கு: தப்பிய அளவை இரண்டு சைட்டுக்கும் இடையிலுள்ள நீளத்தால் பெருக்கி, அட்டை வரையுள்ள தூரத்தால் வகு. சைட்டுக்குச் சைட் சுமார் 19.4 அங்குலம், 25 கஜம் என்றால் 900 அங்குலம். குரூப் 1.4 அங்குலம் மேலே விழுந்தால் விடை 0.03. முன் குறிகாட்டியான ஃபோர்சைட்டின் பிளேடுகள் 15 தௌ, அதாவது 0.015 அங்குலப் படிகளில் வரும். ஆகவே இரண்டு படி உயரமான பிளேடு. உயரமா குட்டையா என்பதில்தான் எல்லோரும் சறுக்குவோம். "முன்னது தப்பு போன பக்கமே போவும், பின்னது அதுக்கு எதிரா" என்பார்.

இங்கே கிளப்பில் எல்லாம் ஸ்கோப். கால் மினிட் க்ளிக்; மினிட் என்பது ஒரு டிகிரியில் அறுபதில் ஒன்று. 50 மீட்டரில் ஒரு க்ளிக் 3.6 மி.மீ. நகர்த்தும். போன வருடம் ஒருவருடைய ரைஃபிள் 90 மி.மீ. கீழே அடித்தது. க்ளிக் திருப்பும் குமிழான டரட் ஏற்கெனவே மேல் எல்லையில் முட்டி நிற்கிறது. ஸ்கோப்பைத் தாங்கும் முன்பின் மவுண்ட்கள் மாறிப் பூட்டியிருக்கின்றனவா என்று பார்த்தோம், இல்லை. ஸ்கோப்பைச் சுற்றிப் பிடிக்கும் வளையங்கள், ரிங்குக்கு ரிங் 100 மி.மீ. சைட் நீளம் இருந்த இடத்தில் அதைப் போட்டேன்: 90 பெருக்கல் 100, வகுத்தல் 50,000. பின் மவுண்ட் 0.18 மி.மீ. உயர வேண்டும்.

குளிர்பான டப்பாத் தகடு ஏறக்குறைய 0.1 மி.மீ. கனம். இரண்டு துண்டு வெட்டி பின் மவுண்டின் அடியில் வைத்தோம். ரிங்குக்குள் வைப்பவர்கள் உண்டு. அது ஸ்கோப் குழாயை நெரிக்கும். ரிங் திருகுகளை மாற்றி மாற்றி, சுமார் 2 நியூட்டன் மீட்டர் வரை மட்டும் முடுக்கினோம். குரூப் மையத்துக்கு 10 மி.மீ. மேலே ஏறியது, மூன்று க்ளிக் இறக்கினோம். ஆனால் கைவசம் மிச்சமும் அந்த மூன்று க்ளிக்தான். தகட்டை இன்னும் அடுக்கினால் இரண்டு ரிங்கும் நேர்கோட்டில் நிற்காது. பிறகு 20 மினிட் சரிவுள்ள ஒற்றைப் பட்டை மவுண்ட் வாங்கச் சொன்னேன். 50 மீட்டரில் அது 290 மி.மீ. தூக்கும், ஐம்பது க்ளிக்குக்கு மேல் கையிலிருக்கும்.

இதைச் சாருக்கு எழுத வேண்டுமென்று இருந்தேன். முகவரிகூட நம் குழுவில் ஒருவரிடம் வாங்கினேன்.

விசா வந்து, சொல்லிக்கொள்ளப் போனபோது, "எத்தன வருசம்ல?" என்றார்.

"ரெண்டு, சார்."

அது 1989.