டிரெய்லர் கைப்பிரேக்கை நான் எதற்கு இழுக்கிறேன்

டிரெய்லர் ஓட்டப் பழக வருபவர்களில் பலருக்கு, ஸ்டீயரிங் தண்டின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சிறிய பிடியின் மேல் தவறான நம்பிக்கை ஒன்று இருக்கிறது. கார் ஓட்டிப் பழகிய கை, கைப்பிரேக் என்றதும் வண்டியை நிறுத்தி வைப்பதற்கானது என்றே எடுத்துக்கொள்கிறது. இழுத்தால் டிரெய்லர் நிற்கவும் செய்கிறது. அதனால்தான் அந்த நம்பிக்கை எளிதில் போவதில்லை.

“அண்ணே, இதை இழுத்தாலே டிரெய்லர் அசையவில்லை. பிறகு டாஷ்போர்டில் இருக்கும் அந்தச் சிவப்புக் குமிழ் எதற்கு?” என்று பழக வந்த ஒரு தம்பி கேட்டான். நல்ல கேள்வி. காற்று போகும் வழியைச் சொல்லாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

அமெரிக்க வகை வண்டிகளில் முன்வண்டியிலிருந்து டிரெய்லருக்கு இரண்டு ஏர் ஹோஸ்கள் போகின்றன. சிவப்பு ஹோஸ் டிரெய்லரின் டேங்கை நிரப்பி வைக்கிறது. ஸ்பிரிங்கின் விசையால் இறுகி டிரெய்லரை நிறுத்தி வைக்கும் ஸ்பிரிங் பிரேக்கை விலக்கிப் பிடித்திருப்பதும் இந்தக் காற்றுதான். நீல ஹோஸ் கட்டளையைக் கொண்டுபோகிறது. பெடலை மிதித்தாலும் பிடியை இழுத்தாலும் டிரெய்லருக்கான கட்டளை நீல ஹோஸ் வழியேதான் போகும். இரண்டையும் ஒருசேரச் செய்தால், அழுத்தம் அதிகமுள்ள பக்கத்தை மட்டும் உள்ளே விட நடுவில் ஒரு வால்வு உண்டு. அப்படிப் போகும் காற்றும் தானே பிரேக்கை அழுத்துவதில்லை. டிரெய்லரிலுள்ள ரிலே வால்வைத் திறந்துவிடுகிறது, அவ்வளவுதான். பிரேக்கை அழுத்தும் காற்று டிரெய்லரின் சொந்த டேங்கிலிருந்து வருகிறது. பிடியை எவ்வளவு இழுக்கிறோமோ அந்த அளவுக்கே அழுத்தம்.

ஆகவே கைப்பிடி போடும் பிரேக், காற்று இருக்கும்வரைதான் பிடிக்கும். கசிந்தால் தளரும். ஸ்பிரிங் பிரேக் இதற்கு நேர்மாறானது. காற்று வெளியேறினால்தான் இறுகும். சிவப்புக் குமிழை இழுப்பது அந்தக் காற்றை வெளியே விடுவதற்குத்தான். ஓட்டிக்கொண்டிருக்கும்போதே அழுத்தம் 20 முதல் 45 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு) வரையிலான எல்லைக்கு இறங்கினால், அந்தக் குமிழ் தானாகவே வெளியே துள்ளிவிடும். ஸ்பிரிங் பிரேக்கே இல்லாத பழைய டிரெய்லர்களை நினைத்துப் பாருங்கள். கைப்பிடியை நம்பி நிறுத்திவிட்டு இறங்கிப் போனால், டேங்க் காலியானதும் அதன் சக்கரங்கள் தம்போக்கில் உருளும். சக்கரத்துக்குக் கட்டை வைக்காமல் அவற்றைவிட்டு நகரக் கூடாது.

அப்படியானால் பிடி எதற்கு? என் வேலையில் அதன் முதல் பயன் சோதனை. டிரெய்லரை மாட்டி, ஹோஸ்களை இணைத்து, சிவப்புக் குமிழையும் முன்வண்டியின் பார்க்கிங் பிரேக்குக்கான மஞ்சள் குமிழையும் உள்ளே தள்ளி, டிரெய்லரின் டேங்க் நிரம்பும்வரை காத்திருப்பேன். ஸ்பிரிங் பிரேக் இறுகியிருக்கும்போதே காற்றுப் பிரேக்கையும் சேர்த்து அழுத்தினால், இரண்டு விசையும் ஒரே பாகங்களின் மேல் ஏறும். அதனால் இந்த வரிசையை மாற்றவே மாட்டேன். பிறகு பிடியை முழுதாக இழுத்து, கண்ணாடியை இறக்கிக் காது கொடுப்பேன். பிரேக் பிடிக்கும் சத்தமும், விட்டதும் காற்று வெளியேறும் சத்தமும் பின்னாலிருந்து வரவேண்டும். பிடித்திருக்கும் நேரத்தில் இடைவிடாத சீறல் கேட்டால் இணைப்பு முனையின் ரப்பர் வளையத்தைப் போய்ப் பார்க்க வேண்டும். கடைசியாகக் கீழ் கியரில் மெல்ல முன்னே இழுப்பேன். முன்வண்டி ஒரு விரற்கடை நகர்ந்து, அப்படியே நின்றுவிட வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், ஹோஸ்களை மாற்றி மாட்டுவது இருட்டிலும் மழையிலும் யாருக்கும் நடக்கக்கூடியது. ஸ்பிரிங் பிரேக் உள்ள டிரெய்லர் என்றால் அது விடுபடாமல் நின்று, தவறைத் தானே காட்டிக்கொடுக்கும். இல்லாத டிரெய்லரோ ஒன்றும் சொல்லாது, சாலைக்கே வந்துவிடும், பிரேக் இல்லாமல். அதை அங்கேயே கண்டுபிடிக்க வேண்டும்.

ஏற்றத்தில் புறப்படும்போது வண்டி பின்னால் உருளாமல் இருக்கப் பிடியை இழுத்து வைத்துக்கொண்டு, கிளட்ச் பிடித்ததும் விடுவது இன்னொரு முறையான பயன்.

இறக்கத்தில் இதை இழுப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. முன்வண்டியின் பிரேக் தேயாமல் மிச்சமாகுமாம். ஐந்து அச்சு வண்டியில் பத்துப் பிரேக்குகள். அவற்றில் டிரெய்லரின் பங்கு நான்கு. மொத்தப் பாரத்தையும் அந்த நான்கின் தலையில் கட்டினால் டிரம் சூடேறிப் பிடிப்பு குறையும். உண்மையில் நிறுத்தியாக வேண்டிய வளைவு வரும்போது அங்கே ஒன்றும் மிச்சமிருக்காது.

ஈரச் சாலையில் டிரெய்லர் பக்கவாட்டில் வழுக்கத் தொடங்கினால் பிடியை ஒரு தொடு தொட்டு நிமிர்த்திவிடலாம் என்ற பேச்சும் ஓட்டுநர்களிடையே நெடுநாளாக உலவுகிறது. நான் அதை ஏற்பதில்லை. உருளும் சக்கரம் தன் திசையை விடாது; பூட்டிக்கொண்ட சக்கரத்துக்குத் திசையே கிடையாது, எந்தப் பக்கமும் வழுக்கும். டிரெய்லர் வீசுவதே பெரும்பாலும் அதன் சக்கரங்கள் பூட்டிக்கொண்டதால்தான். அந்த நேரத்தில் இன்னும் பிரேக் கொடுத்தால் வண்டி மடக்குக்கத்தி போல மடியும். பிரேக்கை விட வேண்டும். சக்கரம் மறுபடி உருண்டால்தான் டயர் சாலையைப் பிடிக்கும். அமெரிக்காவில் 1998 மார்ச் முதல் தயாரான ஏர் பிரேக் டிரெய்லர்களில், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கட்டாயம் என்பதால் இன்று பூட்டிக்கொள்வது குறைந்திருக்கிறது. ஆனால் நாம் மாட்டும் டிரெய்லரின் ஏபிஎஸ் விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் அந்தப் பாதுகாப்பு அங்கே இல்லை என்றுதான் பொருள்.

இந்தப் பிடி இல்லாத வண்டிகளையும் ஓட்டுகிறேன். அவற்றில் சிவப்புக் குமிழை இழுத்து, மெல்ல முன்னே இழுத்துப் பார்க்கலாம். ஆனால் அப்போது சோதிப்பது ஸ்பிரிங் பிரேக்கை. ஓடும்போது நான் நம்பப்போகும் காற்றுப் பிரேக்கை அல்ல. பெடலை மிதித்தால் பத்தும் சேர்ந்தே பிடிக்கும், டிரெய்லர் தன் பங்கைச் செய்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் அத்தகைய வண்டியில் ஒருவரைப் பெடலில் உட்கார வைத்துவிட்டு, நான் இறங்கி, காற்று ஏறியதும் தண்டைத் தள்ளிப் பிரேக்கை இறுக்கும் டிரெய்லரின் ஒவ்வொரு பிரேக் சேம்பருக்கும் பக்கத்தில் நின்று அதன் தண்டு வெளியே வருகிறதா என்று பார்க்கிறேன். நேரம் கூடுதலாகிறது. பார்க்காமல் கிளம்புவதில்லை.