நயினை அம்மாளும் ஒரு கிடாரம் சொதியும்

நேர்த்தி என்னுடையதல்ல, அக்காவுடையது. மகள் உயர்தரப் பரீட்சை எழுதி முடித்ததும் நயினாதீவுக்குக் கூட்டிக்கொண்டு போய் அர்ச்சனை செய்விப்பதாக அங்கே கோயில் கொண்ட நாகபூசணி அம்மாளுக்குச் சொல்லி வைத்திருந்தாள். போகிற நாள் வந்தபோது அக்காவுக்கு முழங்கால் நோ. "நீ ஒருக்காப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போயிட்டு வா. பேர், நட்சத்திரம் சரியாச் சொல்லு. மெடிசின் கிடைக்கவேணும் எண்டு வடிவாக் கேள்" என்று எனக்குக் கட்டளை. இப்படித்தான் மாசி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் நானும் என் பெறாமகளும் யாழ்ப்பாணத்தில் குறிகட்டுவான் பஸ் ஏறினோம்.

பண்ணைப் பாலம் தாண்டியதும் இரண்டு பக்கமும் தண்ணீர். முழங்காலளவு ஆழத்தில் சிறகுவலைத் தடிகள் வரிசையாக நிற்கும். அல்லைப்பிட்டி, வேலணை, பிறகு தாம்போதியால் புங்குடுதீவு. பெரிய கல்வீடுகள், அவற்றின் முற்றத்தில் ஆளுயரப் பற்றை. வீட்டுக்காரர் கனடாவிலும் பிரான்சிலும் சுவிஸிலும். கோயில்களுக்கு மட்டும் புதுப் பெயின்ற். பெறாமகள் யன்னலோரம் இருந்து பார்த்துக்கொண்டே வந்தாள். வழமையாக வாய் மூடாத பிள்ளை, அன்று கதைக்கவில்லை. பரீட்சைப் பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

குறிகட்டுவான் இறங்குதுறையில் பிளேன்டீயும் உழுந்து வடையும். விரத நாள் என்று நான் வடையைத் தொடவில்லை, அவள் இரண்டு தின்றாள். பிறகு வள்ளம். மேல்தட்டில் இடம் இல்லை. தலையைக் குனிந்து படியிறங்கி அடித்தட்டுக்குள் போய்க் குந்தினோம். டீசல் மணம், செம்மஞ்சள் லைஃப் ஜாக்கெட், அரை இருட்டு. போகிற வழியில் கடலுக்குள் பாம்பு சுற்றிய கல்லும் கருடன் கல்லும் இருக்கின்றன என்பார்கள். அம்மாளுக்குப் பூக் கொண்டுபோன நாகத்தைக் கருடன் மறித்தது, காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் ஒருவர் இடையில் புகுந்து இரண்டையும் சமாதானப்படுத்தினார் என்பது கதை. நான் எத்தனையோ தரம் போய்விட்டேன், அந்தக் கற்களை இன்னும் கண்டதில்லை. அடித்தட்டில் இருப்பவருக்குத் தெரிவது முன்னால் இருப்பவரின் முழங்கால் மட்டும்தான்.

எங்களுக்கு முன்னால் இருந்தது வெள்ளை உடுத்த சிங்கள ஆச்சி ஒருவரின் முழங்கால். அவர் போவது அதே தீவில் இருக்கிற பௌத்த நாக விகாரைக்கு. இரத்தின ஆசனம் ஒன்றுக்காகச் சண்டைக்கு நின்ற நாக அரசர் இருவரை, மாமன் மகோதரனையும் மருமகன் சூளோதரனையும், புத்தர் வந்து சமாதானம் செய்த இடம் அது என்று மகாவம்சம் சொல்கிறது. கருடனும் நாகமும் ஒரு பக்கம், மாமனும் மருமகனும் மறுபக்கம். இந்தச் சிறிய தீவுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் வழக்குத் தீர்க்கிற வேலைதான் போலும். ஆச்சி பையிலிருந்து தோடம்பழம் எடுத்து உரித்துப் பெறாமகளின் கையில் பாதியை வைத்தார். எங்களுக்குச் சிங்களம் வராது, அவருக்குத் தமிழ் வராது. பழத்துக்குப் பாஷை தேவைப்படவில்லை.

வள்ளத்தில் கயிறு பிடிக்கிற பெடியனிடம் ஊர் எது என்று கேட்டேன்.

"நயினாதீவுதான் அன்ரி."

"படிக்கேல்லையோ தம்பி?"

"ஏ.எல். எடுத்தனான். கம்பசுக்கு இசட் ஸ்கோர் காணாது. அண்ணா பிரான்சில. கூப்பிடுறன் எண்டு சொல்லியிருக்கிறார். அதுமட்டும் இதில நிக்கிறன்."

ஐந்து வசனத்தில் தன் வாழ்க்கையைச் சொல்லி முடித்துவிட்டுக் கயிற்றை எறியப் போய்விட்டான்.

இருபது நிமிடத்தில் கோபுரம். கிழக்கு வாசலில் நிற்கிற இராசகோபுரம் 108 அடி, கடலில் வரும்போதே கண்ணில் படும். 1620இல் போர்த்துக்கீசர் இடித்த கோயில், 18ஆம் நூற்றாண்டில் திரும்ப எழும்பியது. சக்தி பீடங்களில் ஒன்று, அம்மாளின் சிலம்பு விழுந்த இடம் என்பது எங்கள் நம்பிக்கை. ஆனி மாதத் திருவிழாவில் இங்கே மூச்சு விட இடமிராது. மாசி வெள்ளியில் ஓரளவு நிம்மதியாக நின்று கும்பிடலாம். கால் கழுவி உள்ளே போனோம். ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றித் தோளில் போட்டிருந்தார்கள். பிள்ளைவரம் கேட்டுக் கட்டிய சின்னத் தொட்டில்கள் தொங்கின. விளக்கொளியில் அம்மாளையும் படமெடுத்த நாகத்தையும் கண்டபோது எனக்கு வழமைபோலக் கண் நிறைந்தது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஐயர் பெயர், நட்சத்திரம் கேட்டார். சொன்னேன். அதற்குப் பிறகு அக்காவின் கட்டளைப்படி கேட்கவேண்டியதைக் கேட்க வாய் எடுத்தபோது பெறாமகள் என் முழங்கையைப் பிடித்தாள்.

"சின்னம்மா, மெடிசின் எண்டு கேக்காதேங்கோ."

"பின்னை என்னத்தைக் கேக்கிறது?"

"பொறுங்கோ. பிறகு சொல்லுறன்."

அம்மாளின் முன்னால் நின்று பொறுங்கோ என்கிறாள்! தீபாராதனை முடிந்தது. நான் ஒன்றும் கேட்காமலே விபூதி வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீதி சுற்றும்போது சொன்னாள். பயோ படித்தது அம்மாவுக்காகவாம். பரீட்சை மோசமில்லையாம், ஆனால் டொக்டராக விருப்பமில்லையாம். சமையல் படிக்கவேணுமாம். கொழும்பில் ஹோட்டல் பயிற்சி, பிறகு யாழ்ப்பாணத்திலேயே தன் பாட்டில் ஒரு கடை. பனங்கிழங்கு ஒடியல் மாவில் பிஸ்கட், குரக்கனில் கேக். கொப்பி ஒன்றில் கணக்கெல்லாம் எழுதி வைத்திருக்கிறாள், அக்காவின் கண்ணில் படாமல் இரசாயனவியல் கொப்பிகளுக்குள்.

எனக்கு முதலில் வந்தது கோபம். பத்து வருஷமாக ரியூசனுக்கு ஏற்றி இறக்கியது, ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலுக்கு இரவிரவாக விழித்திருந்தது எல்லாம் கண்ணில் வந்தன. "படிச்ச பிள்ளை சட்டியும் அகப்பையுமா நிக்கிறதோ?" என்று என் வாயாலேயே சொல்லிவிட்டேன். அக்கா சொல்லப்போகிற வசனம் அதே. அது என் வாயில் எப்படி முந்திக்கொண்டது என்று தெரியவில்லை.

மத்தியானப் பூசை முடிந்து அன்னதான மண்டபத்துக்குப் போனோம். அமுதசுரபி என்று பெயர். மணிமேகலை சொல்கிற மணிபல்லவம் நயினாதீவுதான் என்பது எங்கள் ஊர்க் கட்சி. அறிஞர்கள் எல்லாரும் இன்னும் ஒப்புக்கொண்டதில்லை. எங்களுக்கு அதில் சந்தேகமில்லை. பள்ளிக்கூடத்தில் படித்தது பந்தியில் இருந்தபோது ஞாபகம் வந்தது. ஆபுத்திரனிடம் அமுதசுரபி என்கிற அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் இருந்தது. பாண்டிநாட்டில் மழை பெய்து வளம் கொழித்து, அவனிடம் வாங்கிச் சாப்பிட ஆள் இல்லாமல் போயிற்று. சாவக நாட்டில் பசி என்று கேள்விப்பட்டுக் கப்பல் ஏறினான். இடையில் கப்பல் மணிபல்லவத்தில் தங்க, இறங்கியவனை மறந்துவிட்டுக் கப்பல் போய்விட்டது. ஆளில்லாத தீவு. கையில் ஊருக்கே சோறு போடுகிற பாத்திரம். எனக்கு மட்டும் எதற்கு இது என்று கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாமல் இருந்து உயிர் விட்டான். பல காலம் கழித்து ஒரு வைகாசி விசாகத்தில் அது மணிமேகலையின் கைக்கு வந்தது. அவளும் சின்னப் பெட்டைதான். பாட்டி சித்திராபதி அவளுக்கென்று ஒரு தொழிலை முடிவுசெய்து வைத்திருந்தாள். பேத்தியோ சட்டியை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டாள். சித்திராபதி போட்ட கூச்சல் காப்பியத்தில் இருக்கிறது.

பக்கத்தில் இருந்த பெறாமகளை ஒருமுறை பார்த்தேன். அவள் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி, கத்தரிக்காய்ப் பால்கறி, கீரை, அப்பளம், பொரித்த மோர்மிளகாய், கடைசியில் தேங்காய்ப்பால் சொதி. பரிமாறியவர்கள் பதினாறு, பதினேழு வயதுப் பெடியள். வாளியோடு ஓடுகிறார்கள், ஒரு சொட்டுச் சிந்தவில்லை. பெறாமகள் சொதியைச் சோற்றில் விடவில்லை. உள்ளங்கையில் வாங்கிக் குடித்தாள். ஒருமுறை, பிறகு இன்னொருமுறை.

"சின்னம்மா, பாருங்கோ. இவ்வளவு பேருக்குக் காய்ச்சின சொதி. பால் திரையேல்லை."

எனக்கு அதுவரை அது தோன்றவேயில்லை. வீட்டில் நாலு பேருக்குக் காய்ச்சும்போதே கண் அங்கால இங்கால போனால் தேங்காய்ப்பால் திரைந்துவிடும். சாப்பிட்டு எழும்பியதும் இலையைப் போட்டுவிட்டு நேரே அடுக்களை வாசலுக்குப் போனாள். நான் பின்னால் ஓடினேன். உள்ளே நெருப்புத் தணிந்த அடுப்புகள், நான் உள்ளே இறங்கி இருக்கக்கூடிய அளவுக் கிடாரங்கள். வயதான சமையற்காரர் ஒருவர் துவாயால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு வாங்கில் இருந்தார்.

"ஐயா, சொதிக்குத் தேசிக்காய் எப்ப விடுறனீங்கள்?"

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "இறக்கின பிறகு."

"அது வீட்டிலயும் அப்பிடித்தான். இவ்வளவு பெரிய கிடாரம் இறக்கினாலும் ஆறாதே?"

அவர் எழும்பி உட்கார்ந்தார். பிறகு நடந்த கதை எனக்குப் பாதிதான் விளங்கியது. வெந்தயமும் பச்சைமிளகாயும் தண்ணிப்பாலில் அவியவேணும். முதற்பால் விட்ட பிறகு கொதிக்க விடக்கூடாது, நுரை கட்டும்போதே விறகை இழுத்துவிடவேணும். கிடாரம் தன் சூட்டிலேயே இன்னும் கொஞ்ச நேரம் வேகும், அதையும் கணக்கில் எடுக்கவேணும். அகப்பை ஒரே பக்கமாகச் சுழலவேணும். தேசிக்காயைக் கிடாரத்துக்குள் விடுவதே இல்லை, வாளியில் அள்ளின பிறகு வாளிக்கு வாளி விடுவது. அவள் தலையாட்டிக்கொண்டே நின்றாள். அந்த முகத்தை நான் எந்த ரியூசன் வாசலிலும் கண்டதில்லை.

"ஆற்ற பிள்ளை நீ?" என்று கடைசியில் கேட்டார். ஊர் பெயர் சொன்னாள். "என்ன படிக்கிறாய்?" அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"சமைக்கப் படிக்கப் போறா" என்றேன். சொன்ன பிறகுதான் சொன்னது எனக்கே கேட்டது.

திரும்புகிற வள்ளம் மூன்று மணிக்கு. கோயில் வாசல் கடைகளில் புழுக்கொடியல், குட்டானில் பனங்கட்டி, எள்ளுருண்டை. கிழங்குக் காலம் என்பதால் புழுக்கொடியல் புதிது, கடித்தால் டக்கென்று முறிந்தது. அவள் ஒடியல் மா இரண்டு பொட்டலம் வாங்கினாள். விலை பேசினாள், கொடுத்ததைக் கைத்தொலைபேசியில் எழுதிக்கொண்டாள். அதே பெடியன் கயிறு பிடித்து எங்களை ஏற்றினான். இந்த முறை மேல்தட்டில் இடம் கிடைத்தது. கற்களைத் தேடிக் கடலையே பார்த்துக்கொண்டு வந்தேன். வெயில் கண்ணில் அடித்ததில் ஒன்றும் தெரியவில்லை.

குறிகட்டுவானில் பஸ் ஏறி இருந்ததும் போன் அடித்தது. அக்கா.

"என்ன, நல்ல தரிசனமோ? மெடிசின் எண்டு சொல்லிக் கேட்டனியோ?"

"பேரும் நட்சத்திரமும் சொன்னனான் அக்கா."

"அது சரி. மிச்சம்?"

"மிச்சத்தை வீட்டை வந்து கதைக்கிறன். முழங்கால் எப்பிடி இருக்கு?"

பெறாமகள் என் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டாள். மடியில் இருந்த பொட்டலம் ஒன்று ஓரத்தால் பிரிந்து, என் கும்பிடப்போகிற சேலையெல்லாம் ஒடியல் மா.