26 முறை ‘ஐ நோ’

அக்டோபர் 6, 2024, ஞாயிறு

காலையிலிருந்து ஒரே பாட்டு. அமெரிக்கப் பாடகர் பில் விதர்ஸின் ‘எய்ன்ட் நோ சன்ஷைன்’, 1971. அவள் போய்விட்டால் வெயிலே இல்லை என்று இரண்டே நிமிடம் புலம்புகிறார். நடுவில் ‘ஐ நோ, ஐ நோ’ என்று நிறுத்தாமல் அடுக்கிக்கொண்டே போகும் இடத்தை, வெங்காயம் உரித்தபடி எண்ணினேன். 24 வந்தது. அடுத்த முறை 27. பிறகு கத்தியைக் கீழே வைத்துவிட்டு, கண்ணை மூடி எண்ணினேன்: 26. பதினெட்டு வருடமாகப் புரூஃப் திருத்தும் கை இது. என்னிடம் வந்திருந்தால் 25ஐ அடித்திருப்பேன்.

அக்டோபர் 8, செவ்வாய்

அந்த இடத்தில் வேறு வரிகள் எழுதிச் சேர்ப்பதாகத்தான் இருந்தாராம். ஒலிப்பதிவுக் கூடத்தில் தயாரிப்பாளர் புக்கர் டி. ஜோன்ஸ் ‘அப்படியே விட்டுவிடு’ என்றிருக்கிறார். கிதாரோடு ஸ்டீபன் ஸ்டில்ஸ். எதிரே தெம்பூட்டப் பாடகர் கிரஹாம் நாஷ். எல்லோரும் பேர் பெற்றவர்கள். விதர்ஸோ விமானங்களுக்குக் கழிப்பறை செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். முப்பதைத் தாண்டியவர், ஒன்பது வருடம் கடற்படையில் இருந்துவிட்டு வந்தவர். அனுபவசாலிகள் சொல்கிறார்களே என்று விட்டுவிட்டார். துணிச்சல் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது, பாதி கூச்சம்தான் போலிருக்கிறது. எனக்கு அது இன்னும் பிடித்துப்போயிற்று.

அக்டோபர் 9, புதன்

வேலை அதிகம். பஸ்ஸில் இரண்டு தடவை கேட்டேன்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆல்பத்தின் அட்டைப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். செங்கல் சுவரோரம் நிற்கிறார், கையில் சாப்பாட்டுப் பெட்டி. படப்பிடிப்புக்காகக் கொடுத்ததல்ல, தொழிற்சாலையில் மதிய இடைவேளையின்போது எடுத்த படம். பாட்டுத் தொழிலை நம்ப முடியாது என்று வேலையை விடாமல் வைத்திருந்தவர். இசைத்தட்டின் முதல் பக்கத்தில் இருந்தது ‘ஹார்லெம்’ என்ற வேறு பாட்டு. இது பின்பக்கத்தில். வானொலிக்காரர்கள் தட்டைத் திருப்பிப் போட்டார்கள். அமெரிக்கப் பட்டியலில் மூன்றாம் இடம் வரை போனது, கிராமி விருதும் கிடைத்தது. விற்பனை எகிறியதும் இசைத்தட்டுக் கம்பெனி அவருக்குப் பொன்னிறக் கழிப்பறை இருக்கை ஒன்றைப் பரிசளித்ததாம்!

பாட்டின் வித்து ஒரு சினிமா. ‘டேஸ் ஆஃப் வைன் அண்ட் ரோசஸ்’ படத்தில் கணவனும் மனைவியும் குடிக்கு அடிமை. நமக்குக் கெடுதலானதுகூட இல்லாமல் போனால் ஏங்கவைக்கும் என்று அவருக்குப் பட்டிருக்கிறது. அப்படியானால் அந்த ‘ஐ நோ’ யாருக்கு? விட்டுவிடு என்று புத்தி சொல்கிறவர்களுக்கு. தெரியும், தெரியும் என்று வாயை அடைக்கிறான்.

அக்டோபர் 14, திங்கள்

இன்று வந்த சிறுகதைப் புரூஃபில் ஒரு கிழவி, ‘வருவான், வருவான், வருவான்’ என்று ஆறு முறை சொல்கிறாள். பழக்கதோஷத்தில் ஐந்தை அடித்துவிட்டேன். மதியம் டப்பாவைத் திறந்து தயிர்சாதத்தைப் பிசையும்போது மனம் கேட்கவில்லை. கை கழுவிவிட்டு வந்து, அடித்த ஐந்துக்கும் அடியில் புள்ளி வரிசை வைத்து, ஓரத்தில் ‘இருக்கட்டும்’ என்று எழுதினேன். ஆசிரியர் நாளை காரணம் கேட்பார்.