லெந்து நாட்களில் கலாத்தியர்

மார்ச் 5, 2025, சாம்பல் புதன்

ஈஸ்டருக்கு முந்தைய உபவாச காலமான லெந்து இன்று தொடங்குகிறது. ஆராதனை முடிந்து வெளியே வந்தால் எல்லோரும் ஒன்றைத்தான் பேசுகிறார்கள்: யார் எதை விடப்போகிறார்கள்? கறி, பூ, சீரியல். நானும் கறியை விட்டிருக்கிறேன், உபவாசம் நல்லதுதான். ஆனால் “இந்த நாற்பது நாளும் சுத்தமா இருந்தாத்தான் ஆண்டவர் நம்ம ஜெபத்தைக் கேப்பாரு” என்று ஒரு அக்கா சொன்னது மனதை உறுத்துகிறது. அப்படியானால் சிலுவையில் அவர் செய்து முடித்தது எதற்கு? இந்த லெந்தில், கலாத்தியா நாட்டுச் சபைகளுக்குப் பவுல் எழுதிய கடிதமான கலாத்தியர் நிருபத்தை நிதானமாகப் படிக்கப்போகிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

இரண்டாம் அதிகாரம். அந்தியோகியாவில் புறஜாதியாரோடு, அதாவது யூதரல்லாத விசுவாசிகளோடு, உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபிடமிருந்து யூத விசுவாசிகள் வந்ததும் பயந்து விலகிக்கொள்கிறார். பர்னபாவும் கூடவே இழுபட்டுப் போகிறார். பவுல் எல்லோர் முன்பாகவும் பேதுருவைக் கண்டிக்கிறார். வெறும் சாப்பாட்டு விஷயம்தானே என்று அவர் விடவில்லை. கிறிஸ்து ஏற்றுக்கொண்டவர்களுக்குப் பந்தியில் இடமில்லை என்றால், கிறிஸ்து மட்டும் போதாது என்றுதானே அர்த்தம்?

தமிழ்ச் சபையில் இதை வாசிக்கும்போது சாதி நினைவுக்கு வராமல் இருக்குமா? சபைக்குள் சாதி கூடாது என்று கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் 1833இல் எழுதியபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையைவிட்டே விலகினார்கள். ஒரே பாத்திரத்தில் திருவிருந்து வாங்குவதைவிட அவர்களுக்குச் சாதி பெரிதாக இருந்தது.

மார்ச் 14, வெள்ளி

இரவு அக்கா மகள் போன் செய்தாள். அவள் போகும் சபையில் ஞானஸ்நானம் கொடுக்கப்போகிறார்கள். “கம்மலைக் கழற்றினாத்தான் தண்ணிக்குள்ள இறக்குவாங்களாம் சித்தி.” அவள் ஆச்சி போட்டுவிட்ட சிவப்புக் கல் கம்மல் அது. எங்கள் பெரியம்மா மனதார நகையைக் கழற்றி விற்று, ஒரு ஏழைப் பிள்ளையின் படிப்புக்குக் கொடுத்தார்கள். அவர்களை நினைத்தால் இன்றும் கைகூப்பத் தோன்றும். ஆனால் அந்தப் பெரியம்மா யாரிடமும் “நீயும் கழற்று” என்று சொன்னதே இல்லை.

மார்ச் 23, ஞாயிறு

நிருபத்தையும் அப்போஸ்தலர் நடபடிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். பவுலின் உடன் ஊழியரான கிரேக்கர் தீத்துவுக்கு விருத்தசேதனம் (யூத ஆண்களுக்கு நுனித்தோலை நீக்கும் சடங்கு) பண்ண வேண்டும் என்று சிலர் நெருக்கியபோது பவுல் ஒரு நாழிகைகூட இணங்கவில்லை. அதே பவுல், அந்தப் பக்கத்து யூதர்களை முன்னிட்டு, தன்னோடு ஊழியத்துக்கு வந்த தீமோத்தேயுவுக்கு விருத்தசேதனம் பண்ணுகிறார். முன்னுக்குப்பின் முரண் இல்லை. தீமோத்தேயுவுக்குச் செய்தது ஊழியத்துக்காக. தீத்துவிடம் கேட்டதோ, இது இல்லாமல் இரட்சிப்பு இல்லை என்று. சடங்கு ஒன்றுதான், அதை எதற்காகக் கேட்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அக்கா மகளுக்கு இதைத்தான் சொன்னேன். ஆண்டவர்மேல் உள்ள அன்பினால் கழற்றத் தோன்றினால் கழற்று. கழற்றினால்தான் அவருடைய பிள்ளை என்று யாராவது சொன்னால், அதற்கு மட்டும் தலையாட்டாதே.

ஏப்ரல் 6, ஞாயிறு

பெண்கள் ஐக்கியத்தில் ஒருவர் கேட்டார்: “அப்போ எப்படி வேணும்னாலும் வாழலாமா?” நியாயமான கேள்வி. ஐந்தாம் அதிகாரத்தில் பவுலே அதற்குப் பதில் சொல்கிறார்: சுயாதீனம் மாம்சத்துக்கு இடங்கொடுப்பதற்கல்ல, அன்பினால் ஒருவருக்கொருவர் ஊழியம் செய்வதற்கு. அன்பு, சந்தோஷம், சமாதானம் எல்லாம் ஆவியின் கனி. இரட்சிப்புக்கு நாம் கட்டுகிற விலை இல்லை.

அக்கா மகள் தன் பாஸ்டரிடமே நேராகப் பேசியிருக்கிறாள். அவர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னாராம். சனிக்கிழமை இங்கே வருகிறாள். ஆறாம் அதிகாரத்தைச் சேர்ந்து படிக்கலாம் என்றிருக்கிறோம்.