மாஸ்டோடனில் சர்வர் மாறும்போது என்ன வரும், என்ன வராது

மாஸ்டோடன் போன்ற மையமில்லாத சமூக வலைத்தளங்கள் (ஒரே நிறுவனத்தின் கையில் இல்லாமல், பலர் தனித்தனியாக நடத்தும் சர்வர்கள் இணைந்து இயங்குபவை) எல்லோருக்கும் ஏற்றவையா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் கணக்கு தொடங்கும் கட்டத்தோடு நின்றுவிடுகிறார்கள். அது இப்போது சுலபம். எந்தச் சர்வர் என்று குழம்புபவருக்குச் செயலியே ஒன்றைக் காட்டிவிடுகிறது. அந்தச் சர்வரை விட்டுக் கிளம்பும்போதுதான் சோதனை. மாஸ்டோடனில் அப்படி ஒரு கணக்கை இடம் மாற்றியதன் விவரம் இது.

முதலில், போகப்போகும் சர்வரின் அறிமுகப் பக்கத்தைப் படிக்க வேண்டும். எந்தெந்தச் சர்வர்களை அது முடக்கியிருக்கிறது என்ற பட்டியல் பல இடங்களில் அங்கேயே இருக்கும். உங்கள் நண்பர்களின் சர்வர் அதில் இருந்தால் அவர்கள் உங்களோடு வரமாட்டார்கள். இதைப் பலர் மாறிய பிறகுதான் கவனிக்கிறார்கள்.

அடுத்து, பிரவுசரில் பழைய கணக்கைத் திறந்து, இறக்குமதி–ஏற்றுமதிப் பக்கத்திலிருந்து சிஎஸ்வி (எளிய அட்டவணை வடிவ) கோப்புகளை எடுக்க வேண்டும். நீங்கள் பின்தொடர்பவர்கள், பட்டியல்கள், பிளாக், மியூட், புக்மார்க் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கோப்பு. பதிவுகளின் மொத்தத் தொகுப்பையும் அங்கேயே கேட்கலாம். 7 நாளுக்கு ஒருமுறைதான் கிடைக்கும், தயாராகவும் நேரம் பிடிக்கும்.

புதிய கணக்கில் முகப்புப் படம், அறிமுகம், ஒன்றிரண்டு பதிவுகள் போட்ட பிறகே, நீங்கள் பின்தொடர்பவர்களின் பட்டியலை ஏற்றுங்கள். தங்கள் அனுமதியோடுதான் பின்தொடர முடியும் என்று கணக்கைப் பூட்டி வைத்தவர்களுக்கு நீங்கள் மறுபடி கோரிக்கை வைத்த மாதிரிதான் அது போய்ச் சேரும். வெற்று முகப்பைப் பார்த்தால் போலி என்று தள்ளிவிடுவார்கள்.

இப்போது வரிசை முக்கியம். புதிய கணக்கின் அமைப்புகளில், பழைய கணக்கின் முழு முகவரியை மாற்றுப்பெயராகச் சேர்க்க வேண்டும். அது முடிந்த பிறகே பழைய கணக்கில் நகர்த்தும் பக்கத்துக்குப் போய்ப் புதிய முகவரியையும் பழைய கணக்கின் பாஸ்வேர்டையும் கொடுக்க வேண்டும். மாற்றுப்பெயர் இல்லாவிட்டால் நகர்வு நடக்காது. இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்டால்தான் நகர்வு செல்லும் என்பதற்கான ஏற்பாடு அது. அதே பக்கத்தில் வெறும் திசைதிருப்பல் என்றொரு வழியும் உண்டு. அதைத் தேர்ந்தால் உங்களைப் பின்தொடர்வோர் வரமாட்டார்கள். முகவரியை இருமுறை சரிபாருங்கள்: ஒருமுறை நகர்த்தினால், அந்தக் கணக்கை வேறிடத்துக்கு நகர்த்த 30 நாள் காத்திருக்க வேண்டும்.

பின்தொடர்வோர் தாமாக வருவார்கள், ஆனால் மெதுவாக. எண்ணிக்கை குறையத்தான் செய்யும். செத்துப்போன சர்வர்களில் உள்ளவர்களும், நகர்வுச் செய்தியைப் புரிந்துகொள்ளாத மென்பொருளில் உள்ளவர்களும் விடுபடுவார்கள்.

பதிவுகள் வராது. எடுத்து வைத்த தொகுப்பைப் புதிய சர்வரில் ஏற்ற மாஸ்டோடனில் வழியே இல்லை. பல வருடம் எழுதியவருக்கு இதை எப்படிச் சமாதானம் சொல்வது? எங்கள் கணிப்பில் பொதுப் பயனருக்கான பெரிய தடை இதுதான். சர்வர் தேர்வு பற்றிய குழப்பமெல்லாம் இதற்குப் பின்னால்தான். பழைய கணக்கை அழிக்காமல் விட்டு வைப்பதே இப்போதைக்கு வழி. அழித்தால் பதிவுகளும் போய்விடும், அந்தச் சர்வரில் அதே பெயரையும் திரும்பப் பெற முடியாது.

இத்தனையும் பழைய சர்வர் உயிரோடு இருக்கும் வரைதான். மொசில்லா நடத்திய மாஸ்டோடன் சர்வரான மொசில்லா.சோஷியல் 2024 டிசம்பரில் மூடப்பட்டபோது முன்கூட்டியே அறிவித்தார்கள், மாறிக்கொள்ள அவகாசம் இருந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் குயீர்.ஏஎஃப் சர்வரின் டொமைன் (ஆப்கானிஸ்தானுக்குரிய .ஏஎஃப் இணைய முகவரி) பறிக்கப்பட்டபோது அந்த வாய்ப்பு இல்லை. டொமைன் போனால் நகர்வுச் செய்தியை அனுப்பும் முகவரியே போய்விடுகிறது. சிஎஸ்வி கோப்புகளை மாதம் ஒருமுறை எடுத்து வைப்பவருக்கு, தாம் பின்தொடர்ந்தவர்களாவது மிஞ்சுவார்கள்.

இன்னொரு மையமில்லாத வலைத்தளமான புளூஸ்கையில் அடையாளம் சர்வரோடு கட்டப்படவில்லை. சொந்த டொமைன் இருந்தால் டிஎன்எஸ்ஸில் (டொமைனின் விவரங்களை வைத்திருக்கும் இணையப் பதிவேட்டில்) டிஎக்ஸ்டி என்ற ஒரு வரிக் குறிப்பைச் சேர்த்து அதையே பயனர்பெயராக்கலாம். சர்வர் மாறினால் பதிவுகளும் கூடவே வரும். ஆனால் அடையாளத்தை மாற்றும் சாவி (ரகசிய டிஜிட்டல் குறியீடு) வழக்கமாகச் சர்வரிடமே இருக்கிறது. சர்வர் முரண்டு பிடித்தாலும் வெளியேற வேண்டுமென்றால், உங்கள் சொந்த மீட்புச் சாவியை முன்பே சேர்த்திருக்க வேண்டும். கட்டளை வரியில் பழக்கமில்லாதவர் அதைத் தனியாகச் செய்ய முயல வேண்டாம், தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.