கயோலேயின் வெள்ளைச் சாலைகளும் முதல் சைக்கிள் நினைவுகளும்

இத்தாலியின் டஸ்கனிப் பகுதியில், சியனா நகருக்கு அப்பால் குன்றுகளின் நடுவே இருக்கிறது கயோலே இன் கியான்ட்டி என்னும் சிற்றூர். திராட்சைத் தோட்டங்களும் ஆலிவ் மரங்களும் சூழ்ந்த இந்த ஊருக்கு, அக்டோபர் மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமையை ஒட்டி, பல நாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் பழைய பந்தய சைக்கிள்களோடு வந்து சேர்கிறார்கள். 'லெரோயிக்கா' என்ற இந்த சைக்கிள் பயணத்தை ஜான்கார்லோ புரோச்சி என்பவர் 1997-ஆம் ஆண்டில் தொடங்கியபோது கலந்துகொண்டவர்கள் 92 பேர்தான். வெண்ணிறச் சரளை பரவிய தார் போடாத கிராமத்துச் சாலைகள் அப்போது ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருந்தன. அவற்றைக் காப்பாற்ற வேண்டும் என்பதும், அத்தகைய சாலைகளில் பந்தயம் ஓட்டிய தலைமுறையை மறக்கவிடக் கூடாது என்பதும் அவருடைய நோக்கம். இது போட்டி அல்ல என்பதால் முதலிடம் என்று ஒன்று கிடையாது. குறுகிய தூரத்திலிருந்து 209 கிலோமீட்டர் வரை பல பாதைகள் இருக்கின்றன. அவரவர் வலிமைக்கு ஏற்றதைத் தேர்ந்துகொள்ளலாம்.

அந்தச் சாலைகளைப் பார்க்கத்தான் நான் கிளம்பினேன். ஆயினும் இந்தக் கட்டுரையில் சாலைகளைப் பற்றிக் குறைவாகவும், அங்கே சந்தித்த முதியவர்கள் தங்கள் இளமையையும் முதல் சைக்கிளையும் பற்றிச் சொன்னவற்றை அதிகமாகவும் எழுதப்போகிறேன். அந்தப் பேச்சைக் கேட்பதற்காகவே ஒருவர் கயோலேக்குப் போகலாம் என்று உறுதியாக நம்புகிறேன்.

பயணத்தில் சேர்வதற்கு முதன்மையான விதி, சைக்கிள் 1987-க்கு முன் தயாரிக்கப்பட்ட பந்தய சைக்கிளாக இருக்க வேண்டும் என்பது. கியர் மாற்றும் நெம்புகோல்கள் ஃபிரேமின் குழாயில் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். பெடல்களில் பாதத்தைப் பிடித்துக்கொள்ளும் உலோகக் கூடும் வாரும் இருக்க வேண்டும். பிரேக் கம்பிகள் ஹேண்டில்பாருக்கு வெளியே வளைந்து செல்ல வேண்டும். இந்த எல்லைக்கோடு மனம்போன போக்கில் போடப்பட்டதல்ல. 1980-களின் நடுவில் பந்தய சைக்கிள் வெகு வேகமாக மாறியது. காலணியின் அடியிலேயே பூட்டிக்கொள்ளும் பெடலை லுக் நிறுவனம் 1984-இல் கொண்டுவந்தது. மறு ஆண்டே அந்தப் பெடல்களோடு பிரெஞ்சு வீரர் பெர்னார் இனோ, பிரான்ஸைச் சுற்றிவரும் தூர் து ஃபிரான்ஸ் பந்தயத்தில் வென்றார். ஒவ்வொரு கியருக்கும் 'டிக்' என்று நிற்கும் நெம்புகோலை ஷிமானோ நிறுவனம் அதே காலத்தில்தான் அறிமுகப்படுத்தியது. பிரேக் கம்பிகள் ஹேண்டில்பாரின் நாடாவுக்குள் ஒளிந்துகொண்டன. இன்று எழுபதைக் கடந்தவர்களின் கைகளும் கால்களும் பழகியது இந்த மாற்றங்களுக்கு முந்தைய சைக்கிளில்தான்.

வாடகைக்கு எடுத்த ஒரு பழைய பியாங்கியை நான் ஓட்டினேன். அந்த நிறுவனத்துக்கே உரிய வெளிர் நீலப்பச்சை நிறம். அதில் கியர் மாற்ற வேண்டுமென்றால் ஒரு கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுத்து, பெடலை நோக்கிச் சரிந்து இறங்கும் குழாய் வரை தாழ்த்த வேண்டும். விரல் நீளமே உள்ள நெம்புகோல் அங்கே இருக்கும். அதை எவ்வளவு தள்ளுவது என்று காட்டும் குறியோ தடுப்போ எதுவும் இல்லை. மெல்லத் தள்ளினால் செயின் கரகரக்கும். இன்னும் சற்றுத் தள்ளினால் அடுத்த பல்சக்கரத்தில் ஏறி அமரும். அமர்ந்ததும் ஓசை அடங்கும். மயிரிழை கூடினால் மீண்டும் கரகரக்கத் தொடங்கும், அதைப் பின்னால் இழுத்துச் சரிசெய்ய வேண்டும். பாதி வேலையைக் காதுதான் செய்கிறது. மேடு தொடங்கிய பிறகு மாற்றினால் செயின் திணறும் என்பதால் சாலையை முன்கூட்டியே படிக்கவும் வேண்டும். இதையெல்லாம் நான் கவனித்துக் கவனித்துச் செய்துகொண்டிருக்க, என் பக்கத்தில் வந்த ஒரு முதியவர் பேச்சை நிறுத்தாமல், பார்வையைத் திருப்பாமல், கையைத் தாழ்த்தி மாற்றிவிட்டு எடுத்தார்.

பயணத்துக்கு முந்தைய நாட்களில் ஊரின் தெருக்களில் பழைய சைக்கிள்களுக்கும் உதிரிப் பாகங்களுக்குமான சந்தை கூடுகிறது. என் கணிப்பில் லெரோயிக்காவின் உயிர் அந்தச் சந்தையில்தான் இருக்கிறது. கம்பளிச் சட்டைகளையும் முறுக்கிய மீசைகளையும் படம் எடுப்பவர்கள் ஏராளம். ஆனால் மேசைகளின் முன்னே குனிந்து, தேய்ந்துபோன பல்சக்கரங்களைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கும் முதியவர்களின் அருகே கொஞ்ச நேரம் நின்றால் போதும். அவர்களே பேசத் தொடங்குவார்கள். அப்படித்தான் ஃபிளாரன்ஸ் பக்கத்திலிருந்து பேத்தியோடு வந்திருந்த, எண்பதை நெருங்கிய ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். அவர் இத்தாலிய மொழியில் சொல்லச் சொல்லப் பேத்தி ஆங்கிலத்தில் எனக்குச் சொன்னாள். ஒரு தட்டிலிருந்து, காம்பாஞோலோ என்ற இத்தாலிய நிறுவனத்தின் கியர் நெம்புகோல் ஒன்றை எடுத்த அவர், அது எதிலும் பொருத்தப்படாமல் இருந்தும், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே வைத்து முன்னும் பின்னுமாகச் சுழற்றிக்கொண்டே இருந்தார்.

அவர் முதலில் ஓட்டியது அவருடைய அப்பாவின் சைக்கிள். வேலைக்குப் போய்வருவதற்கான கனத்த கருப்பு வண்டி. கம்பியால் அல்லாமல் இரும்புத் தண்டுகளால் இயங்கும் பிரேக். எட்டு வயதுப் பையனுக்கு இருக்கை எட்டவில்லை. மேல் பாருக்குக் கீழே காலை நுழைத்து, உடம்பு ஒரு பக்கமும் வண்டி மறு பக்கமுமாகச் சாய, அரைப் பெடல் போட்டு ஓட்டியதைத் தெருவிலேயே நடித்துக் காட்டினார். குரங்குப் பெடலை நான் உடனே அடையாளம் கண்டுகொண்டேன். என் தாத்தாவின் சைக்கிளில் நானும் அப்படித்தான் கற்றேன் என்று சொன்னதும் அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். அதன் பிறகு எங்களுக்குள் மொழிபெயர்ப்புக்கு அதிகம் தேவை இருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அந்த வண்டி அவருக்குக் கிடைக்கும். மற்ற நாட்களில் அது அப்பாவின் பிழைப்பு. இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்து இத்தாலியில், பார்த்தாலி, கோப்பி என்ற இரு பந்தய வீரர்களில் யார் பக்கம் என்று வீடுகள் பிரிந்து நின்றன. ஜினோ பார்த்தாலி ஃபிளாரன்ஸுக்கு அருகிலுள்ள பொன்தே ஆ எமாவில் பிறந்தவர் என்பதால் அப்பாவுக்கு அவர்தான் எல்லாம். மகனோ ஃபௌஸ்தோ கோப்பியின் பக்கம். கோப்பி ஐந்து முறை இத்தாலியச் சுற்றுப் பந்தயத்தையும் இரண்டு முறை தூர் து ஃபிரான்ஸையும் வென்றவர். 1940-இல் 20 வயதில் இத்தாலியச் சுற்றுப் பந்தயத்தை முதல் முறை வென்றபோது அவர் பார்த்தாலியின் அணியில் துணை ஓட்டக்காரராகச் சேர்ந்தவர் என்பதைப் பெரியவர் அன்றுதான் நடந்ததுபோல் உற்சாகத்தோடு விவரித்தார். ஆப்பிரிக்காவில் பற்றிய மலேரியாவை மருத்துவர்கள் இனங்காணாததால் 1960 ஜனவரி 2 அன்று கோப்பி 40 வயதில் இறந்தார். செய்தி வந்த நாளில், அதுவரை கோப்பியை ஏசிக்கொண்டிருந்த அப்பா வேலைக்குப் போகவில்லையாம். சுவரில் சாய்த்திருந்த தன் சைக்கிளை மகனிடம் கொடுத்து, வேண்டிய தூரம் போய்வா என்று சொன்னாராம். பதினான்கு வயதுப் பையன் இருட்டும் வரை ஓட்டிவிட்டு வந்திருக்கிறான். எங்கே போனீர்கள் என்று கேட்டேன். அது அவருக்கு நினைவில்லை. ஹேண்டில்பாரின் மரப்பிடி குளிரில் எப்படி இருந்தது என்பது மட்டும் நினைவிருக்கிறதாம்.

நான் பேசிய எல்லோரிடமும் இதையே கண்டேன். தூரம், வேகம், வென்ற பந்தயங்கள் ஆகியவை மங்கிப்போயிருக்கின்றன. கை பட்ட இடங்கள் அப்படியே இருக்கின்றன. அதோடு, முதல் சைக்கிள் அநேகமாக எல்லோருக்கும் இன்னொருவருடையதாக, அளவில் பெரியதாக இருந்திருக்கிறது. தனக்கென்று வாங்கியதைவிட இரவல் வாங்கியதைப் பற்றித்தான் அவர்கள் நெடுநேரம் பேசுகிறார்கள்.

பயண நாளன்று விடிவதற்கு முன்பே நீண்ட தூரக்காரர்கள் விளக்குகளோடு புறப்பட்டுவிட்டார்கள். நாங்கள் வெளிச்சம் வந்த பிறகு கிளம்பினோம். புரோலியோ கோட்டைக்கு ஏறும் வெள்ளைச் சாலையின் இருபுறமும் சைப்பிரஸ் மரங்கள் நெட்டையாக நிற்கின்றன. பழைய பந்தய சைக்கிள்களின் முன்பக்கச் சிறிய பல்சக்கரத்திலேயே பெரும்பாலும் 42 பற்கள் இருக்கும் என்பதால், இன்றைய வண்டிகளில் உட்கார்ந்தபடி ஏறும் மேட்டில் எழுந்து நின்று மிதிக்க வேண்டியிருக்கிறது. பலர் இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். தள்ளிக்கொண்டு நடக்கும்போது பேச்சு நன்றாக வருகிறது.

அப்படி நடந்தவர்களில் ஒருவர் நாட்டிங்ஹாமிலிருந்து வந்த ஆங்கிலேயர். ராலே சைக்கிள் நிறுவனம் 1880-களில் தொடங்கிய ஊர் அது. தொழிற்சாலை விடும் நேரத்தில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் சைக்கிளில் தெருவை நிறைத்து வந்த காட்சியைப் பார்த்து வளர்ந்தவர் அவர். அவருடைய இளமைக்காலத்தில் சைக்கிள் சங்கத்தில் சேர்ந்து ஓட்டிய தொழிலாளி ஒருவரிடம் இரண்டு சைக்கிள் இருப்பது அரிது. வாரம் முழுவதும் வேலைக்குப் போகும் அதே வண்டியில் ஞாயிறு அதிகாலை பந்தயம் நடக்கும் இடத்துக்கு ஓட்டிச் செல்வார்கள். பந்தயத்துக்கான இலேசான சக்கரங்களை முன்னச்சில் மாட்டிய பிடிகளில் இருபுறமும் நிறுத்திக் கட்டிக்கொண்டு போவார்கள். அங்கே போய்ச் சக்கரங்களை மாற்றி, மட்கார்டைக் கழற்றி வைத்துவிட்டுப் பந்தயம் ஓட்டுவார்கள். முடிந்ததும் எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி, வீட்டுக்கு மிதித்து வருவார்கள். அவர் ஓட்டிவந்த ஃபிரேமில் '531' என்ற எண் பொறித்த சிறு ஒட்டுப்படம் பாதி அழிந்திருந்தது. ரெனால்ட்ஸ் நிறுவனம் 1935-இல் கொண்டுவந்த மாங்கனீஸ்–மாலிப்டினம் எஃகுக் குழாயின் பெயர் அது. அந்த எண் ஒட்டிய வண்டியை வாங்க இரண்டு குளிர்காலம் மிகுநேர வேலை பார்த்தாராம்.

சிறிது தூரத்தில் அவருடைய பின் டயர் இறங்கியது. அது டியூபை உள்ளே வைத்துச் சுற்றிலும் தைத்து, ரிம்மில் பசையால் ஒட்டப்படும் பழைய வகை. அவர் சற்றும் பதறவில்லை. இருக்கைக்கு அடியில் பெடல் வாரால் கட்டியிருந்த மாற்று டயரை அவிழ்த்தார்; பழையதைக் கட்டைவிரல்களால் நெம்பி உரித்தெடுத்தார்; ரிம்மில் மிச்சமிருந்த பசை பிடித்துக்கொள்ளும்படி புதியதை இரு கைகளாலும் கீழ்நோக்கி இழுத்து இழுத்து ஏற்றினார். ஃபிரேமில் செருகியிருந்த பம்பால் காற்றடித்து, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, கோணல் இருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார். ஓட்டையான டயர் குப்பைக்குப் போகாது. வீட்டில் தையலைக் கொஞ்சம் பிரித்து, உள்ளிருக்கும் மெல்லிய டியூபில் ஒட்டுப் போட்டு, பழைய துளைகள் வழியாகவே ஊசியைச் செலுத்தித் திரும்பத் தைத்து, மேல்நாடாவை ஒட்ட வேண்டும். அம்மாவின் விரல்கவசத்தை மாட்டிக்கொண்டு அடுப்பங்கரையில் உட்கார்ந்து தைத்த மாலைகளைப் பற்றி அவர் அங்கேயே நின்று சொன்னார். எங்களைக் கடந்து போனவர்கள் எல்லோரும் உதவி வேண்டுமா என்று கேட்டுவிட்டே போனார்கள்.

உணவு தரும் இடத்தில் ரொட்டியும் காய்களும் பீன்ஸும் சேர்த்துக் கெட்டியாகக் காய்ச்சிய 'ரிபொல்லித்தா'வை ஊற்றினார்கள். என் எதிரே அமர்ந்தவர் எழுபதைத் தாண்டிய ஒரு நெதர்லாந்துப் பெண்மணி. அவர் கற்றதும் அம்மாவின் சைக்கிளில்தான். அதில் மேல் பார் இல்லாததால் காலை நுழைக்க வேண்டியதில்லை. இருக்கையை மறந்துவிட்டு, இரு பெடல்களிலும் நின்றபடியே ஓட்டியிருக்கிறார். பின்பக்கமாக மிதித்தால் பிரேக் பிடிக்கும் வண்டி அது. உட்கார்ந்து ஓட்டும் உயரம் வந்தபோது, அது தன்னைவிட்டுப் பறிபோனதுபோல் அழுதாராம். அதற்குள் தங்கைக்கு அதைக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த வண்டிக்கு இன்னொரு கதையும் உண்டு. 1942-இல் ஜெர்மானியப் படை நெதர்லாந்தில் சைக்கிள்களைப் பறிமுதல் செய்யத் தொடங்கியபோது, தாத்தா அதைத் தொழுவத்து வைக்கோலுக்கு அடியில் புதைத்துவைத்திருந்தாராம். ரப்பர் டயர் கிடைக்காத நாட்களில் மரத்துண்டுகளைச் சக்கரத்தில் பூட்டி மக்கள் ஓட்டிய ஓசையை அம்மா வாயால் பாவனை செய்து காட்டுவாராம். அந்த ஓசையை மகளும் எங்களுக்குச் செய்து காட்டினார். பிறகு அவர் என் பக்கம் திரும்பி, உங்கள் தாத்தாவின் வண்டி என்ன நிறம், பின்னால் பிடித்துக்கொண்டு ஓடிவந்தது யார் என்று கேட்டார். என் கதையையும் முழுவதும் சொன்ன பிறகே அந்த மேசையிலிருந்து எழுந்தோம்.

போக விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு நாள் முன்பாவது கயோலேக்குப் போய்ச் சேர்ந்து, சந்தையில் பொறுமையாக நேரம் செலவிடுங்கள். நீண்ட தூரத்தை முடித்தாக வேண்டும் என்ற எண்ணம் இல்லையென்றால் குறுகிய பாதையையே தேர்ந்தெடுங்கள். மூத்தவர்கள் பெரும்பாலும் அதில்தான் வருகிறார்கள், மேடுகளில் உங்களோடு நடக்கவும் செய்வார்கள். 209 கிலோமீட்டர் பாதைக்கு நிரந்தர வழிகாட்டிப் பலகைகள் வைக்கப்பட்டிருப்பதால், ஆண்டின் மற்ற மாதங்களில் எந்தக் காலத்துச் சைக்கிளிலும் தனியாக ஓட்டிப் பார்க்கலாம். சாலைகள் மட்டும் போதுமென்றால் வசந்த காலம் நல்லது. மனிதர்களும் வேண்டுமென்றால் அக்டோபர்தான்.