வோல்ட் வருதுன்னு பேனலை வாங்கிடாதீங்க

மன்னார்குடி பக்கம் போர்செட்டுக்கு சோலார் போட்ட வயலு இப்ப நிறைய ஆயிருச்சு, கூடவே பழைய பேனல் யாவாரமும் சூடு பிடிச்சிருச்சு. விக்கிறவரு மல்டிமீட்டரை வச்சு "நாப்பது வோல்ட் வருது பாருங்கண்ணே"ம்பாரு, நம்மாளும் காசை எண்ணி குடுத்துட்டு குட்டியானைல ஏத்திட்டு வந்துருவாரு.

வோல்ட்டு ஐப்பசி மூடாப்புல கூட முக்காவாசிக்கு மேல நிக்கும்ங்க. வெயிலுக்கு தக்கன ஏறி இறங்குறது ஆம்ப்ஸ்தான் (ஓடுற கரண்டோட அளவு), தண்ணி தூக்குறதுக்கு அதுவும் வேணும்ல.

அதுக்காக வோல்ட் பாக்க வேணாம்னு சொல்லல. 330 வாட்ஸ் 72 செல் (கட்டம் கட்டமா தெரியுமே, அதுதான் செல்லு) பேனல்னா பின்னாடி ஸ்டிக்கர்ல ஓப்பன் வோல்ட், அதாவது எதுவும் மாட்டாதப்ப வர்ற வோல்ட், 46 கிட்ட போட்டுருக்கும், ஆனா அது செல்லு 25 டிகிரில இருக்கும்போது. சித்திரை மதியத்துல பேனல் 60 டிகிரிய தாண்டும், ஒரு டிகிரிக்கு சுமாரா 0.3 சதவீதம் கொறையும், அதனால 41 காட்டுனா பயப்படாதீங்க. 27, 28னு நின்னா பேனல்ல இருக்க மூணு பகுதில ஒண்ணு போச்சு, பெரும்பாலும் இடி மின்னலுக்கு அப்புறம் பின்னாடி ஜங்ஷன் பாக்ஸுல பகுதிக்கு ஒண்ணா இருக்க மூணு டயோடுல ஒண்ணு ஷார்ட் ஆயிருக்கும். மாத்திக்கலாம், பாக்ஸுக்குள்ள கம்மு ஊத்தி அடைச்சிருந்தாதான் ரோதனை.

ஆம்ப்ஸ் பாக்க பேனலை தனியா கழட்டி, சாக்கு போட்டு மூடி, மீட்டர்ல செகப்பு ஒயரை 10 ஆம்ப்ஸ் ஓட்டைல மாத்தி, டிசி ஆம்ப்ஸ்ல வச்சு ரெண்டு முனையையும் மாட்டிட்டு சாக்கை எடுங்க. பாத்துட்டு திரும்ப மூடிட்டுதான் கழட்டணும், இல்லன்னா டிசி பொறி பறக்கும். ஒயரை பழைய ஓட்டைக்கு மாத்தாம அடுத்து பேட்டரிலயோ வீட்டு கரண்ட்லயோ வோல்ட் பாத்தா ஃபியூஸோ மீட்டரோ காலி. இப்ப வர்ற 540 வாட்ஸ் பேனல் 13 ஆம்ப்ஸுக்கு மேல தள்ளும், அதை இந்த ஓட்டைல பாக்கவே கூடாது, ஒயரை சுத்தி கவ்வி பாக்குற டிசி கிளாம்ப் மீட்டர் வேணும் (கடைல மலிவா கெடைக்கறது நிறைய ஏசி மட்டும்தான் பாக்கும், கேட்டு வாங்குங்க).

எங்க மாமா ஒருத்தரு பேனல் செத்துப்போச்சுன்னு கூப்பிட்டாரு. வோல்ட் 41, பக்கத்து பேனல் 8 ஆம்ப்ஸ் தர்றப்ப இது 4தான். மேல கண்ணாடி பளபளன்னு இருக்கு, கீழ் ஃப்ரேம் ஓரத்துல மட்டும் அறுப்பு மெஷின் தூசியும் மழையும் சேந்து உள்ளங்கை அகலத்துக்கு சேறு காஞ்சு கெட்டியா உக்காந்திருக்கு. பேனலை நெட்டுக்க நிறுத்தியிருந்ததால கடைசி வரிசை செல்லு அத்தனையும் பாதி மறைஞ்சு மூணு பகுதியையும் சேத்து இழுத்துருச்சு. தேங்கா நாரும் தண்ணியும்தான் வைத்தியம், 8 வந்துருச்சு. அதுக்குள்ள மாமா டீலரை போன்ல வாங்கு வாங்குன்னு வாங்கியிருந்தாரு, அது தனிக்கதை.

பம்புக்கு வரிசையா சேத்து கட்டுன பேனல்ல மட்டும் மொத்தமா மீட்டரை வைக்காதீங்க. பத்து பேனல்னா 400 வோல்ட் டிசி, ஆளை விடாது. நானே எலக்ட்ரீசியன் தம்பியதான் கூப்பிடுறேன், அவன் கழட்டி குடுத்தப்புறம் ஒவ்வொண்ணா பாப்பேன்.